காமாப் பயில்வானும் அவர் காத்த வீதியும்

விழாமலர்க் குழுவினர், "பழைய மாணவர் என்ற முறையில் ஏதேனும் எழுதியனுப்புக" எனக் கடிதம் விடுத்தபோது, எதைப்பற்றி எழுதலாம் எனச் சில நாள் எண்ணிப் பார்த்தேன். கல்லூரியின் வரலாற்றை எழுத வல்லார் பலர் உளர். கிரிக்கெட், உதைபந்தாட்டம் ஆகிய துறைகளில் நம் கல்லூரி ஈட்டிய வெற்றிகளை ஆண்டுவாரியாக எடுத்துரைக்கத் தக்கவரும் உளர். யான் மைதானத்திற் பெயர் பெற்றவனல்லன். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டிய கூட்டத்தைச் சேர்ந்தவன். ஆயினும், வலிமை என்பது யாது, அஃது எதன்பொருட்டு மனிதனுக்கு வாய்க்கின்றது என்னும் வினா மாணவப் பருவந்தொட்டு என் உள்ளத்தை விட்டு அகன்றதில்லை. அவ்வினாவை என்னுள் விதைத்தது ஒரு மல்லரின் வரலாறு. அதனையே இங்கு கூறத் துணிகின்றேன்.

அறுபதுகளின் பிற்பகுதியில் யாம் விடுதியில் வாழ்ந்த காலத்திலே, தாராசிங், கிங்கொங் என்னும் மல்லர்களின் பெயர்கள் மாணவர் நாவில் ஓயாது ஒலித்தன. அவர்தம் படங்களைப் பத்திரிகைகளிலிருந்து வெட்டியெடுத்து மேசை மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருந்த நண்பரும் உண்டு. எமது உடற்பயிற்சி ஆசிரியர் சென்னையிலே சைதாப்பேட்டைக் கல்லூரியிற் பயின்று வந்தவர். ஒருநாள் மாலை அப்படங்களை நோக்கிய அவர், "தம்பிமாரே, இவர்களுக்கெல்லாம் முன்னே ஒருவர் இருந்தார். காமா என்று பெயர். அவரை வீழ்த்தியவர் எவருமில்லை" என்றார். "எவருமே இல்லையா, சேர்?" என்று ஒருவன் வினவ, "கோதாவுக்குள் எவருமில்லை" என்று மட்டும் கூறிப் புன்னகை புரிந்து அப்பாற் சென்றார். அவ்விடையின் பொருள் எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்கிற்று. அதன்பின் காமாவைப்பற்றி எங்கே ஒரு வரி கண்டாலும் படித்துவிடுவது என் வழக்கமாயிற்று.

காமாவின் இயற்பெயர் குலாம் முகம்மது பக்ஷ். 1878ஆம் ஆண்டிலே, பஞ்சாபின் அமிர்தசரஸ் வட்டாரத்தில், காஷ்மீர வழிவந்த முஸ்லிம் குடும்பமொன்றிற் பிறந்தார். அக்குடும்பத்தாருக்கு மற்போரே குலத்தொழில். தந்தை முகம்மது அஸீஸ் பக்ஷ் பெயர்பெற்ற பயில்வான். காமாவுக்கு ஆறு வயதாகும்போது தந்தை இறந்தார். தாய்வழிப் பாட்டனாரான நூன் பயில்வான் பிள்ளையைத் தம்மிடம் அழைத்து வளர்த்தார். சில காலத்தில் அவரும் மறைய, மாமனாரான ஈதா பயில்வான் அப்பொறுப்பை ஏற்றார். பாட்டனார் விட்ட இடத்தில் மாமனார் தொடங்கினார். இளம்பிராயத்திலேயே தந்தையை இழந்த பிள்ளைக்கு அக்குடும்பம் அளித்த சொத்து நிலமோ பொன்னோ அன்று. காலையில் எழுப்பிக் கோதாவுக்கு அழைத்துச் செல்லும் ஒரு கையையே அளித்தது. கல்வி கற்ற குடும்பத்துப் பிள்ளைக்கு ஏடும் எழுத்தாணியும் எவ்வாறோ, மல்லர் குடும்பத்துப் பிள்ளைக்குக் கோதாவின் மண் அவ்வாறாம்.

அம்மண்ணைப்பற்றிச் சிறிது கூறல் வேண்டும். வட இந்தியக் கோதாவிலே மேனாட்டார் விரிப்பதுபோன்ற மெத்தை இல்லை. நிலத்தைக் கொத்திப் பொலபொலப்பாக்கி, கல்லும் முள்ளும் நீக்கி, எண்ணெய், மோர், மஞ்சள் முதலியன கலந்து பதப்படுத்துவர். அம்மண்ணைக் கொத்துவதே மாணவனுக்கு முதற் பயிற்சி. பின்னர் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, அதன்பின்னரே பிடிகள். எதிரியின் இரு தோள்களும் மண்ணிற் படிய வீழ்த்தியவன் வென்றவனாவான். குருவை வணங்காது எவனும் கோதாவில் கால் வைப்பதில்லை.

1888ஆம் ஆண்டு சோத்பூர் மன்னர் பஸ்கிப் போட்டியொன்றை நடத்தினார். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் நானூற்றுக்கு மேற்பட்ட மல்லர்கள் வந்து கூடினர். ஒருவர் பின் ஒருவராகக் களைத்து விலக, இறுதிவரை நின்ற பதினைவருள் பத்து வயதுச் சிறுவனான காமாவும் ஒருவன். அவன் இளமையைக் கருதி மன்னர் அவனையே வெற்றியாளனாக அறிவித்தார். அதன்பின் ததியா சமஸ்தானத்து அரசர் அவனைத் தம் ஆதரவில் வைத்துப் பயிற்றுவித்தார். வளர்ந்தபின் நாளொன்றுக்கு 5,000 பஸ்கியும் 3,000 தண்டாலும் எடுத்தார் எனச் சொல்லப்படுகின்றது. எண்களிற் சிறிது மிகை இருப்பினும் இருக்கலாம். உழைப்பில் மிகை இல்லை.

இத்தொழிலின் பொருளாதாரத்தையும் நாம் அறிதல் வேண்டும். பாலும் நெய்யும் வாதுமைப் பருப்பும் நாள்தோறும் உண்ணவேண்டிய ஒருவன் தன் கைப்பொருளால் வாழ்தல் அரிது. எனவே சமஸ்தான மன்னர்கள் மல்லர்களைச் சம்பளமும் உணவும் அளித்துப் பேணினர். யானை, குதிரை, சங்கீத வித்துவான் ஆகிய வரிசையிலே மல்லரும் அரண்மனைக்கு ஓர் அணிகலன். மன்னரின் பெயரால் மல்லன் பொருதான். மல்லன் வென்றால் மன்னர் வென்றார். இந்நிழலிலேதான் காமாவும் வளர்ந்தார். நிழல் தரும் மரம் வீழ்ந்தால் யாதாகும் என்பதை எவரும் அன்று எண்ணினாரல்லர்.

1895ஆம் ஆண்டு, பதினேழு வயதிலே, அக்காலத்து முதல்வராக விளங்கிய ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவை எதிர்த்துக் காமா கோதாவில் இறங்கினார். ரஹீம் பக்ஷ் ஏறத்தாழ ஏழடி உயரம். காமாவோ ஐந்தடி எட்டங்குலத்துக்கு மேற்படாதவர். சிறுவன் சில கணங்களில் வீழ்வான் என எண்ணிய கூட்டம் வியக்க, நெடுநேரம் நீடித்த அப்போர் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அன்றிலிருந்து காமாவின் பெயர் நாடெங்கும் பரவிற்று.

1910ஆம் ஆண்டு, பெஞ்சமின் என்னும் ஆங்கிலேயரின் ஏற்பாட்டிலே, காமாவும் அவர்தம் தம்பி இமாம் பக்ஷும் வேறு சில மல்லரும் இலண்டன் சென்றனர். செலவை ஏற்றவர் சரத்குமார் மித்ரா என்னும் வங்காளச் செல்வர். ஆனால் அங்கு நடைபெற்ற போட்டியிற் காமாவைச் சேர்த்துக்கொள்ள மறுத்தனர். உயரம் போதாது என்பது அவர்கள் கூறிய காரணமாம். கடல்கடந்து வந்தவர் திரும்பிச் செல்ல ஒருப்படவில்லை. எந்த நிறையினராயினும் மூவரை முப்பது நிமிடத்துள் வீழ்த்துவேன் என அறைகூவினார். முதலில் எவரும் நம்பவில்லை. பின்னர் அமெரிக்க மல்லரும் வைத்தியருமான பெஞ்சமின் றோலர் முன்வந்தார். காமா அவரை முதன்முறை 1 நிமிடம் 40 விநாடியிலும், இரண்டாம்முறை 9 நிமிடம் 10 விநாடியிலும் வீழ்த்தினார். தம்பி இமாம் பக்ஷ் சுவிஸ் நாட்டு ஜோன் லெம்மை வென்றார். தந்தையை இழந்த இரு பிள்ளைகள் இலண்டன் மாநகரத்தாரை வியக்கவைத்தனர்.

1910 செப்ரெம்பர் 10ஆந் திகதி போலந்து நாட்டு ஸ்ரனிஸ்லாவ் சிபிஸ்கோவுடன் காமா பொருதார். பரிசு 250 பவுணும் ஜோன் புல் பட்டியும். ஒரு நிமிடத்துக்குள் சிபிஸ்கோவைக் காமா கீழே கொணர்ந்தார். ஆனால் வீழ்ந்தவர் எழவில்லை, எழ விரும்பவுமில்லை. கைகளையும் முழங்கால்களையும் மெத்தையில் ஊன்றி, தம் பெருநிறை முழுவதையும் நிலத்தோடு அழுத்திக்கொண்டு கிடந்தார். மேனாட்டு விதி அதனைத் தடுக்கவில்லை. தம்மினும் பெரிதும் நிறைகூடிய ஒருவரைப் புரட்டித் தோள்களை நிலத்திற் படியவைக்க இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகக் காமா முயன்றார், இயலவில்லை. போர் முடிவின்றி நின்றது. ஒருவாரங் கழித்து, செப்ரெம்பர் 17ஆந் திகதி மீண்டும் சந்திப்பதென முடிவாயிற்று. அந்நாளிற் காமா வந்தார், சிபிஸ்கோ வரவில்லை. பட்டியும் பரிசும் காமாவுக்கே வழங்கப்பட்டன. அடிமைப்பட்ட நாட்டவன் ஒருவன் ஆள்வோர் தலைநகரிலேயே எதிரியின்றி நின்றான் என்னுஞ் செய்தி இந்தியரிடையே எத்துணைப் பெருமிதத்தை ஊட்டியிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

தாயகம் திரும்பியபின், அலகபாத்தில் ரஹீம் பக்ஷை மீண்டும் எதிர்கொண்டு காமா வெற்றி கண்டார். சிபிஸ்கோவின் கணக்கு மட்டும் தீராதிருந்தது. அதனைத் தீர்க்கும் வாய்ப்பு 1928ஆம் ஆண்டு பட்டியாலாவிலே கிட்டிற்று. அப்போது இருவரும் ஐம்பது வயதை அணுகியிருந்தனர். பதினெட்டு ஆண்டுக்கு முன் இரண்டரை மணி நேரத்தில் முடியாத செயல் இம்முறை ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. பட்டியாலா மன்னர் வெள்ளியாலான தண்டாயுதம் அளித்துக் காமாவைச் சிறப்பித்தார். அடுத்த ஆண்டில் ஜெஸ்ஸி பீற்றர்சன் என்பவரையும் இரண்டு நிமிடம் செல்லுமுன் வீழ்த்தினார். அதன்பின் அவரை எதிர்ப்பார் அரிதாயினர்.

காமாவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இவ்வெற்றிகளோடு நிறுத்திவிடுவர். ஆயின் யான் அவரை நெஞ்சில் வைத்துப் போற்றுவது வேறொரு நாளின்பொருட்டு. 1947ஆம் ஆண்டு பாரதம் பிளவுண்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டு எல்லை கடந்தனர். அயலவனை அயலவன் வெட்டினான். அக்காலத்தே காமா லாகூர் நகரில் மோஹ்னி வீதியில் வாழ்ந்தார். அவ்வீதியில் இந்துக் குடும்பங்கள் பலவும் வாழ்ந்தன. அவர்களைத் தாக்கவென ஒரு கூட்டம் திரண்டு வந்தபோது, எழுபதை நெருங்கிய காமா தம் மல்லர்களுடன் வீதிக்கு வந்து குறுக்கே நின்றார் என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவருஞ் செய்தி. முன்னால் வந்தவனுக்கு ஓர் அறை விழுந்ததாம், கூட்டம் கலைந்ததாம். பின்னர் அவ்விந்துக் குடும்பங்களுக்கு ஒருவாரத்துக்கு வேண்டிய உணவுப் பொருள்களையும் தம் செலவில் அளித்து, எல்லைவரை கொண்டுசென்று விடுத்தாராம்.

அங்கே பரிசில்லை, நடுவரில்லை, கைதட்டுவாரும் இல்லை. ததியா அரசரின் பெயராலோ பட்டியாலா மன்னரின் பெயராலோ அவர் அன்று நிற்கவில்லை. ஐம்பதாண்டுக்கு மேலாகத் தாம் சேர்த்த வலிமையெல்லாவற்றையும் தம்மவர் முன்னிலையில், தம்மவருக்கு எதிராகவே, அயலவர்பொருட்டு எடுத்துவைத்தார்.

இதனை யான் படித்தபோது ஒரு கதையாக மட்டும் படிக்க இயலாதிருந்தமைக்குக் காரணம் உண்டு. 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் யான் கொழும்பிலே ஓர் இளம் எழுதுவினைஞனாக, நண்பர் இருவரோடு வாடகை அறையொன்றில் வசித்தேன். கலவரம் எங்கள் ஒழுங்கைக்கு வந்தபோது, எங்களை அழைத்துத் தம் வீட்டின் பின்னறையில் வைத்துப் பூட்டியவர் பக்கத்து வீட்டுச் சிங்கள முதியவர். புகையிரதப் பகுதியிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒடுங்கிய நெஞ்சு, இரவெல்லாம் இருமுவார். நாம் அவரை "மாமா" என்று அழைப்போம். அச்சொல் இரு மொழிக்கும் பொது. அவர் எம்மை "புத்தா" என்பார். அன்று அவர் படலையருகே ஒரு கதிரையை இட்டு அதில் அமர்ந்துகொண்டார். வந்தவர்கள் கேட்டனர், அவர் விடை கூறினார். இரண்டாம் முறையும் வந்தனர். அப்போதும் அவர் எழவில்லை. அவர் என்ன கூறினார் என்பது பின்னறையிலிருந்த எமக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. குரல் நடுங்கியதென்பது மட்டும் கேட்டது. மூன்று நாட்களின்பின் அகதிகள் தங்கிய இடத்துக்கு எம்மைத் தாமே கொண்டுசென்று விட்டார். அங்கிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கினோம்.

அம்முதியவர் வாழ்நாளில் ஒரு பஸ்கியேனும் எடுத்திருப்பார் என யான் நினைக்கவில்லை. காமாவைக் கண்டால் அவர் எதிரே நிற்கவும் கூசியிருப்பார். ஆயினும் மோஹ்னி வீதியில் நின்ற கால்களும், எங்கள் ஒழுங்கையிற் கதிரையை விட்டு எழ மறுத்த கால்களும் ஒரே வகையான உறுதி உடையன என்றே யான் துணிகின்றேன். காமாவுக்குக் கூட்டம் அஞ்சுவதற்குத் தோள்கள் இருந்தன. மாமாவுக்கு அதுவும் இல்லை.

காமாவின் முதுமை வளமானதாக அமையவில்லை. சமஸ்தானங்கள் மறைந்தன, மல்லரைப் பேணிய மன்னரும் மறைந்தனர். அவருக்குப் பிறந்த ஆண்மக்கள் யாவரும் இளமையிலேயே இறந்தனர். இருதய நோயும் ஈளையும் அவரைப் பற்றின. மருந்துக்கும் வழியற்ற நிலையில், எல்லைக்கு அப்பாலிருந்து இந்தியத் தொழிலதிபர் பிர்லா பணமும் மாதாந்த உதவியும் அனுப்பினார். பாகிஸ்தான் அரசும் பின்னர் சிறிது உதவிற்று. இந்துக்களைக் காத்த முஸ்லிமுக்கு இந்து ஒருவரின் கை நீண்டது என்பதை எண்ணுந்தோறும் என் கண் கலங்கும். 1960 மே 23ஆந் திகதி, 82ஆம் வயதில், காமா லாகூரிற் காலமானார். "கோதாவுக்குள் எவருமில்லை" என்று எம் ஆசிரியர் கூறியது அப்போதுதான் விளங்கிற்று. கோதாவுக்கு வெளியே வறுமை நின்றது, நோய் நின்றது, புத்திரசோகம் நின்றது.

குலத்தொழிலை இமாம் பக்ஷின் மக்கள் தாங்கினர். போலு, அஸ்லம், அக்ரம், அஸாம், கோகா எனப் போலு சகோதரர் புகழ்பெற்றனர். ஆனால் பெரியதந்தையின் பெயர் அவர்களுக்குப் பெருமையாகவும் இருந்தது, பாரமாகவும் இருந்தது. 1976ஆம் ஆண்டு கராச்சியிலே, இளமை கடந்த அக்ரம், ஜப்பானிய மல்லர் அன்ரோனியோ இனோக்கியை எதிர்த்துக் கை பிசகித் தோற்றார். அப்பழியைத் துடைக்கும் பொறுப்பு இருபது வயது நிரம்பாத ஒரு பிள்ளையின் தலையில் விழுந்தது. அவர் அஸ்லமின் மகன் ஜாரா. 1979இல் லாகூரிலே அவர் இனோக்கியோடு ஐந்து சுற்றும் சளையாது பொருதார். முடிவில் இனோக்கி தாமே அவர் கையைப் பிடித்து உயர்த்தினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அவ்விளைஞர் 1991இல், முப்பது வயதைச் சிறிது கடந்த நிலையில், இறந்தார். குடும்பத்தின் மானத்தைச் சுமக்கவென்றே ஒரு பிள்ளையை வளர்ப்பதில் உள்ள கொடுமையையும் நாம் மறத்தலாகாது.

மாணவத் தம்பிமாரே, நம் கல்லூரியும் ஒருவகையில் அத்தகைய குடும்பமே. பரிசளிப்பு விழாத்தோறும் முன்னோர் பெயர்களைக் கேட்கின்றீர்கள். மண்டபத்துப் பலகைகளில் அவற்றைக் காண்கின்றீர்கள். வைத்தியர், பொறியியலாளர், நீதியரசர் என அவர்கள் அடைந்த உயர்வை எட்டாதவன் கல்லூரிக்குக் கடன்பட்டவன் என்று எவரேனும் உங்களுக்குச் சொன்னால் நம்பற்க. ஈதா பயில்வான் தம் மருகனுக்குப் பிடிகளைக் கற்பித்தார். சிபிஸ்கோவை வெல்ல அவை உதவின. மோஹ்னி வீதியில் எப்பிடியும் தேவைப்படவில்லை. அங்கே வந்து நிற்க ஒருவர் தேவைப்பட்டார்.

நீங்கள் கற்கும் கணிதமும் விஞ்ஞானமும் மொழியும் உங்கள் தண்டாலும் பஸ்கியுமாகும். அவற்றைக் குறைவின்றிப் பயிலுங்கள், வெற்றிகளும் பெறுங்கள். அவ்வெற்றிகளின் பெயர்கள் பலகையில் ஏறட்டும். ஆனால் உங்களுள் ஒருவர் என்றோ ஒருநாள், எந்த ஊரிலோ, தம்மவர் அல்லாத ஒரு குடும்பத்தின் படலையருகே கதிரையை இட்டு அமர நேரின், அப்பெயரை எந்தப் பலகையும் தாங்காது. அப்பழைய மாணவரையே யான் நம் கல்லூரியின் முதல் மல்லர் எனக் கொள்வேன். கல்லூரி அன்னை பல்லாண்டு வாழ்க!